லயன் கப்பல் மிதந்திருந்தால் கிருஷ்ணகிரி ரயில் ஓடியிருக்குமா?

போர்க்கப்பல் கேம் ஆடும் கூட்டத்துக்கு 'லயன்' புதுப் பெயர் இல்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்' ஆட்டத்தில் பிரிட்டிஷ் வரிசையில் ஏறிக்கொண்டே போனால் லயன் கிடைக்கும். அதற்கு அடுத்த படியில் கான்கரர். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, தூக்கம் வரும்வரை இந்தக் கப்பல்களை வைத்து எதிரியை மூழ்கடிப்பவர்கள் ஓசூரிலும் இருப்பார்கள். ஒரே ஒரு விஷயம்தான் இடிக்கும். நிஜத்தில் லயனும் கான்கரரும் ஒரு நாள்கூடக் கடலில் மிதந்ததில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதற்குத் தலைகீழான ஒரு கதை இருக்கிறது. நிஜத்தில் ஓடியது, இப்போது எந்த மேப்பிலும் இல்லை.

சென்னை - சேலம் மெயின் லைனில் சாமல்பட்டி ஒரு சின்ன ஸ்டேஷன். பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் நிற்காமல் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விடும். அதற்கு வடக்கே திருப்பத்தூர், தெற்கே மொரப்பூர். ஒரு காலத்தில் இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் மேற்கு நோக்கிக் குட்டி ரயில் பாதைகள் பிரிந்தன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல். அது 1913-ல் ஓசூர்வரை நீண்டது. இரண்டரை அடி அகலம்தான் தண்டவாளம். 1876-78 பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் செத்துச் செத்துப் பிழைத்தது; அடுத்த பஞ்சத்தில் தானியம் உள்ளே போக வழி வேண்டும் என்று போடப்பட்ட பாதைகள் இவை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தோடு இரண்டின் கதையும் முடிந்தது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் இன்றைக்கும் ரயில் நிலையம் கிடையாது.

மிதக்காத கப்பலையும் காணாமல் போன ரயிலையும் இணைப்பது ஒரு கேள்வி. 1939 செப்டம்பரில் தொடங்கிய போர் நாலைந்து வருடம் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இணையத்தில் இந்தக் கேள்வியை வைத்து மணிக்கணக்கில் வீடியோ போடுகிறார்கள். எத்தனை பீரங்கி, எத்தனை அங்குலக் கவசம், யார் யாரை அடித்திருப்பார்கள் என்றே எல்லாம் போகும். அந்தக் கணக்கையும் பார்க்கலாம், சுவாரசியமானதுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஒரு வெண்டர் நின்றால் லைன் நிற்கும்

முதல் உலகப்போர் முடிந்ததும் வல்லரசுகளிடம் காசு இல்லை. 1922-ல் வாஷிங்டன் ஒப்பந்தம் போட்டார்கள்: பத்து வருடத்துக்குப் புதிய பெரிய போர்க்கப்பல் வேண்டாம். 1930-ல் லண்டனில் கூடி அந்த விடுமுறையை 1936 கடைசிவரை நீட்டினார்கள். பிரிட்டனுக்கு நெல்சன், ராட்னி என்று இரண்டு கப்பலுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது.

சமாதானத்துக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் தொழிலுக்கு? ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆர்டர் இல்லாமல் பத்துப் பதினைந்து வருடம் போனால் மெஷின் துருப்பிடிக்கும், கைத்திறன் உள்ளவர் ரிட்டயர் ஆவார், அப்ரென்டிஸ் வேறு வேலைக்குப் போய்விடுவார். மறுபடி ஆர்டர் வரும்போது பணம் மட்டும் இருந்தால் போதாது. போர்க்கப்பலில் உடம்பு கட்டுவது சுலபமான பகுதி. கஷ்டம் இரண்டு இடத்தில்: ஓர் அடிக்கு மேல் கனமான கவசத் தகடு, நூற்றுக்கணக்கான டன் எடையோடு சுழல வேண்டிய பீரங்கிக் கோபுரம். இந்த இரண்டுக்கும் ஆலைகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் மிச்சம் இருந்தன. 1930-களின் கடைசியில் நிலைமை எங்கே போய் நின்றது என்றால், உலகின் மிகப் பெரிய கடற்படை, கடலே இல்லாத செக்கோஸ்லோவாகியாவின் விட்கோவிட்சே ஆலையில் கவசத் தகடுக்கு ஆர்டர் கொடுத்தது. 1939 மார்ச்சில் அந்த ஊரையே ஹிட்லர் எடுத்துக்கொண்டார்.

விடுமுறை முடிந்த மறுநாள், 1937 ஜனவரி 1 அன்று, கிங் ஜார்ஜ் V, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற இரண்டு கப்பல்களுக்கு அடிக்கட்டை போடப்பட்டது. பீரங்கி 14 அங்குலம். 1936 ஒப்பந்தம் அந்த அளவைச் சொன்னது. ஜப்பான் கையெழுத்துப் போடாததால் அந்த வரம்பு பிறகு 16 ஆக ஏறியது. பிரிட்டன் காத்திருக்க முடியாமல் 14-ஐயே வைத்துக் கட்டிவிட்டது. 16 அங்குலப் பீரங்கி ஒன்பது கொண்ட கப்பல் அடுத்த வரிசைக்குத் தள்ளிப்போனது. அந்த வரிசைதான் லயன். டெமரேர் கப்பலுக்கு 1939 ஜூனில் அடிக்கட்டை, லயனுக்கு ஜூலையில். செப்டம்பரில் போர் வந்தது. அக்டோபரில் வேலை நிறுத்தப்பட்டது. கான்கரர், தண்டரர் இரண்டும் காகிதத்தைத் தாண்டவே இல்லை.

கட்டி முடிக்க மூன்று நான்கு வருடம் ஆகும் கப்பலில் எஃகைக் கொட்டுவதா, நாளைக்கே தேவைப்படும் சின்ன எஸ்கார்ட் கப்பல்களில் கொட்டுவதா என்ற கேள்வி எழுந்தபோது லயன் தோற்றது. கடைசியில் பிரிட்டன் கட்டி முடித்த ஒரே புதிய பெரிய போர்க்கப்பல், ஐந்து கிங் ஜார்ஜ் வகைக் கப்பல்களுக்குப் பிறகு, வேன்கார்ட். அதன் பீரங்கிக் கோபுரங்கள் முதல் உலகப்போர் காலத்துக் கப்பல்களிலிருந்து கழற்றி வைத்திருந்தவை. பழைய இன்ஜினைப் போட்டுப் புது வண்டி ஓட்டியது மாதிரி. அதுவும் போர் முடிந்த பிறகு, 1946-ல்தான் வந்தது.

அவசரத்தின் விலை என்னவென்று தெரிய வேண்டுமென்றால் 1941 மே மாதத்தைப் பார்க்கலாம். ஜெர்மனியின் பிஸ்மார்க்கை மறிக்கப் போன பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில், கோபுரத்தின் கோளாறுகளைச் சரிசெய்துகொண்டிருந்த ஆலைத் தொழிலாளர்கள் கரைக்கு இறங்காமல் கப்பலோடு சண்டைக்கே போனார்கள். அப்படியும் நடுச்சண்டையில் பீரங்கிகள் மாறி மாறிச் சிக்கின.

எதிரியும் சும்மா இருக்க மாட்டான்

சரி, போரைத் தள்ளிவைப்போம். 1943 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிங் ஜார்ஜ் வகைக் கப்பல்களும் கோளாறு நீங்கித் தயார். லயனும் டெமரேரும் வந்திருக்கும், அல்லது வரும் நிலையில் இருந்திருக்கும். வீடியோ போடுபவர்கள் இங்கேதான் கைதட்டுவார்கள்.

ஆனால் காலண்டர் எல்லோருக்கும் ஒன்றுதான். 1939 ஜனவரியில் ஹிட்லர் ஒப்புக்கொண்ட 'பிளான் இசட்' ஜெர்மனிக்குப் பத்துப் பெரிய போர்க்கப்பல், நான்கு விமானந்தாங்கிகள் என்று எழுதிவைத்திருந்தது. 1940-களின் நடுப்பகுதிவரை பிரிட்டனோடு போர் வராது என்ற நம்பிக்கையில் போட்ட திட்டம். அத்தனையும் கட்ட ஜெர்மனியிடம் பட்டறையும் இல்லை, ஓட்ட எண்ணெயும் இல்லை என்பது வேறு விஷயம். ஜப்பானோ யாருக்கும் தெரியாமல் 18 அங்குலப் பீரங்கியோடு யமாட்டோவைக் கட்டிக்கொண்டிருந்தது; 1941 டிசம்பரில் அது கடலுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் கணக்கு இன்னும் சிக்கல். அந்த நாட்டின் ராட்சதக் கப்பல் திட்டத்துக்கான சட்டம் 1940 ஜூலையில் நிறைவேறியதற்குக் காரணம், முந்தைய மாதம் பிரான்ஸ் விழுந்தது. ஐரோப்பாவில் போரே இல்லை என்றால் பிரான்ஸ் எங்கே விழுகிறது, அமெரிக்கா எங்கே பயப்படுகிறது?

பணமும் இருக்கிறது. கிங் ஜார்ஜ் வகைக் கப்பல் ஒன்றுக்கு 70 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு. தங்கக் கையிருப்பு கரைகிறது என்று பிரிட்டிஷ் கருவூலம் 1939-லேயே எச்சரித்துக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு வருடம் ஆயுதம் குவித்துக்கொண்டே அமைதியாக இருப்பது, சண்டை போடுவதைவிட மலிவான வேலையாக இருந்திருக்காது.

இதையெல்லாம் தாண்டி 1941 டிசம்பர் 10 இருக்கிறது. மலாயாவின் குவாந்தான் கரைக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் ரிபல்ஸையும் ஜப்பானிய விமானங்கள் சில மணி நேரத்தில் மூழ்கடித்தன. எதிரில் ஒரு போர்க்கப்பல்கூட இல்லை. மேலே தங்கள் விமானம் இல்லாமல் போன கப்பலுக்கு 14 அங்குலப் பீரங்கியும் ஒன்றுதான், 16 அங்குலமும் ஒன்றுதான். பீரங்கியை வைத்து மட்டும் பேசும் எந்தக் கற்பனை வரலாறும் இந்த ஒரு நாளைத் தாண்டி வர முடியாது. தள்ளிப்போனதால் பிரிட்டனுக்கு உண்மையில் லாபம் கிடைத்திருந்தால், அது விமானத்திலும் ரேடாரிலும் விமானந்தாங்கிகளிலும்தான் கிடைத்திருக்கும். லயன் அந்த லாபத்தின் போஸ்டராக மட்டும் இருந்திருக்கும்.

யார் காசு, யார் கப்பல்

தமிழ் மக்களுக்கும் இந்தக் கப்பல்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன், கெட்டிக்காரனுக்கும் முரடனுக்கும் பட்டப்பெயராகத் தமிழில் தங்கிவிட்டது. அது வந்த கப்பல். கொடுத்த கப்பலும் உண்டு.

1912-ல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் அரசு, பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு முழுப் போர்க்கப்பலுக்கான செலவை ஏற்றது. பெயரே எச்.எம்.எஸ். மலாயா. 1916-ல் கடலுக்கு வந்தது. அந்த மாநிலங்களின் கஜானாவை நிரப்பியவை ஈயமும் ரப்பரும். ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியபோது எச்.எம்.எஸ். மலாயா எங்கே இருந்தது? ஜிப்ரால்டர் பக்கம்.

இந்தியாவும் பிரிட்டிஷ் கடற்படைக்கு வருடா வருடம் 1 லட்சம் பவுண்டு சந்தா கட்டிக்கொண்டிருந்தது. 1938-ல்தான் அது நின்றது. பதிலாக இந்தியா தானே சில எஸ்கார்ட் கப்பல்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை. காசு கட்டியவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு 1942 ஏப்ரலில் தெரிந்தது. ஜப்பானின் விமானந்தாங்கிகள் ஏப்ரல் 5 கொழும்பைத் தாக்கின, 9 திருகோணமலையைத் தாக்கின. இடையில் 6-ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. இந்தியப் பெருங்கடலில் அன்று பிரிட்டனிடம் இருந்த ஐந்து போர்க்கப்பல்களும் முதல் உலகப்போர்க் காலத்தவை. அவை பம்பாய்க்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் ஒதுங்கின. சென்னை நகரம் மூட்டை கட்டியது. லயன் இருந்திருந்தால் மூட்டை கட்ட வேண்டியிருந்திருக்காது என்று சொல்ல ஒருவருக்கும் ஆதாரம் கிடையாது.

அதே அக்டோபர்

லயனின் வேலை நின்ற அதே 1939 அக்டோபரில் சென்னையில் வேறொன்று நின்றது.

ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அப்போது சென்னை மாகாணப் பிரதமர். செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியர் ஒருவரையும் கேட்காமல் இந்தியா போரில் இருக்கிறது என்று அறிவித்தார். எதிர்ப்புத் தெரிவித்து எல்லா மாகாணங்களிலும் காங்கிரஸ் அரசுகள் விலகின. சென்னையும் விலகியது. கவர்னர் ஆட்சி வந்தது. பள்ளிகளில் ராஜாஜி கொண்டுவந்த கட்டாய இந்தியை 1940 பிப்ரவரியில் கவர்னர் திரும்பப் பெற்றார்.

இப்போது போரைத் தள்ளிவையுங்கள். ராஜாஜி அமைச்சரவை தொடர்ந்திருக்கும். கட்டாய இந்தியும், அதை எதிர்த்த சிறை நிரப்பும் போராட்டமும் இன்னும் இரண்டு மூன்று வருடம் நீண்டிருக்கலாம். ஏற்கெனவே இரண்டு இளைஞர்கள், நடராசனும் தாளமுத்துவும், 1939-லேயே காவலில் இருந்தபோது இறந்திருந்தார்கள். அந்தப் போராட்டம் கவர்னர் கையெழுத்தில் முடியாமல் வாக்குப்பெட்டியில் முடிந்திருந்தால் தமிழ்நாட்டு அரசியல் வேறு வேகத்தில் நகர்ந்திருக்கும். சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபரில் தொடங்கிய மதுவிலக்குக்கும் ஒரு முழுச் சோதனைக் காலம் கிடைத்திருக்கும். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. ஒரு போர்க்கப்பலின் பீரங்கி 14 அங்குலமா 16 அங்குலமா என்பதைவிட இந்த 'இருந்திருந்தால்' தமிழ் வாசகருக்குப் பெரியது. ஆனால் இதை வைத்து யாரும் கேம் செய்வதில்லை.

ஓசூருக்குப் போர் கொடுத்தது

நியாயமாகப் பார்த்தால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். போர் இந்தப் பகுதிக்கு ஒன்றைக் கொடுத்தது. நேரடியாக இல்லை, பெங்களூரு வழியாக.

1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் பங்கோடு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைப் பெங்களூருவில் தொடங்கினார். இன்றைய எச்.ஏ.எல். அதே மனிதர்தான் 1941 ஜூனில் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கும் அடிக்கல் போட வைத்தார். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதை நசுக்கிய அரசு, போர் நெருக்கடி வந்ததும் இந்தியாவில் விமானம் செய்ய அனுமதித்தது. 1942-ல் அந்த விமான ஆலையின் பொறுப்பையே கையில் எடுத்துக்கொண்டது.

ஐரோப்பாவில் அமைதி நீடித்திருந்தால் பெங்களூருவுக்கு அந்த ஆலை அந்த வருடத்தில் வந்திருக்குமா? சந்தேகம்தான். விமான ஆலையைச் சுற்றி மெஷின் ஷாப்புகள், பயிற்சி பெற்ற ஃபிட்டர்கள், பிறகு மற்ற பொதுத்துறை ஆலைகள் என்று வளர்ந்த இன்ஜினியரிங் நகரம்தான் பெங்களூரு. அந்த நகரத்தின் திறமையும் சந்தையும் எல்லைக்கு இந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான், 1970-களில் தமிழக அரசு ஓசூரில் சிப்காட் போட்டபோது அது எடுபட்டது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் அதன் பின்னால் வந்தவை. போர் தள்ளிப்போன உலகத்தில் ஓசூர் வெறும் ரோஜாவும் காய்கறியும் விளையும் குளிர்ந்த ஊராக இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம்.

எடுத்துக்கொண்டது

எடுத்துக்கொண்ட பக்கம்தான் தண்டவாளம்.

போரில் எஃகு எல்லா இடத்திலும் பற்றாக்குறை. ஒரு லயன் வகைக் கப்பலின் திட்ட எடையே சுமார் 40,000 டன். அதை ஏன் நிறுத்தினார்கள் என்பதற்கு அந்த எண்ணே பதில். மத்திய கிழக்கில் படைகளுக்குச் சரக்கு கொண்டுபோக ரயில் வேண்டும், அதற்குப் புதிதாகத் தண்டவாளம் உருட்டிக் கப்பலில் ஏற்ற பிரிட்டனுக்கு முடியாது. இந்தியாவில் இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பாதைகள் பெயர்க்கப்பட்டன. தண்டவாளம், இன்ஜின், வேகன் என்று வெளிநாட்டுப் போர்முனைகளுக்கு அனுப்பினார்கள். மொரப்பூர் - ஓசூர் பாதை 1941-வாக்கில் மூடப்பட்டது. கிருஷ்ணகிரிப் பாதையும் அந்தப் போர் வருடங்களைத் தாண்டவில்லை.

'வெள்ளைக்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான், இல்லாவிட்டால் கிருஷ்ணகிரி இன்று ஜங்ஷன்' என்று ஊரில் சொல்வதுண்டு. அதை அப்படியே ஏற்க முடியாது. குட்டி ரயில் போருக்கு முன்பே நோஞ்சான். 1930-களில் மோட்டார் பஸ் நாடு முழுக்கக் கிளைப் பாதைகளின் பயணிகளைத் தின்றுகொண்டிருந்தது. 1936-ல் அமைக்கப்பட்ட வெட்ஜ்வுட் குழு அலசிய விஷயங்களில் இந்தப் போட்டியும் ஒன்று. மெதுவாகப் போகும் ரயிலுக்காக ஸ்டேஷனுக்கு நடப்பதா, வீட்டு வாசலில் கை காட்டி பஸ் ஏறுவதா? (மதுரைப் பக்கம் பஸ் ஓட்டி வளர்ந்த டி.வி.எஸ். பிறகு ஓசூரில் டூவீலர் ஆலை வைத்தது இந்தக் கதையின் ஓரத்தில் நிற்கும் ஒரு வேடிக்கை.) ஆக, போர் தள்ளிப்போயிருந்தாலும் பயணிகள் ரயில் நொண்டிக்கொண்டேதான் போயிருக்கும்.

அப்புறம் ஏன் இவ்வளவு பேச்சு? காரணம் கோலார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், பங்காருப்பேட்டையிலிருந்து கோலாருக்கு 1913-ல் ஒரு ரயில் பாதை திறந்தார்கள். தருமபுரியிலிருந்து ஓசூருக்கு ரயில் நீண்ட அதே வருடம். அதே இரண்டரை அடி அகலம். அதே மாதிரி வறண்ட மேட்டு நிலம். அது சிக்பள்ளாப்பூர் வழியாக எலஹங்காவரை போய்ச் சேர்ந்தது. அந்தப் பாதையிலும் பஸ் போட்டி இருந்தது, நஷ்டம் இருந்தது. ஒரே வித்தியாசம், மைசூர் சமஸ்தானத்துக்குள் இருந்த அந்தப் பாதை போரைத் தாண்டிப் பிழைத்தது. பல பத்தாண்டுகள் குட்டி ரயிலாகவே தவழ்ந்தது. பிறகு பகுதி பகுதியாக அகலப்பாதை ஆனது. கோலார் - சிக்பள்ளாப்பூர் பகுதி 2013-ல் திறந்தது. இன்று கோலாரில் அகலப்பாதை ரயில் நிற்கிறது.

கற்பனை வரலாற்றுக்கு இதைவிட நல்ல ஆய்வகம் கிடைக்காது. ஒரே வயது, ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்து ஊர். ஒன்றில் தண்டவாளம் தரையில் இருந்தது, இன்னொன்றில் இல்லை. நஷ்டத்தில் ஓடினாலும், ரயில் நிலம் ரயில் நிலமாகவே இருந்தால் பின்னால் வரும் தலைமுறை அதை அகலப்படுத்த முடியும். பெயர்த்த பிறகு அந்தக் கோடு வயலாகும், தெருவாகும், கடையாகும். அப்புறம் ஒவ்வொரு சென்ட்டுக்கும் நோட்டீஸ், இழப்பீடு, கோர்ட்.

அந்தப் பக்கமும் பெயர்த்தார்கள்

தண்டவாளம் பிடுங்குவதில் ஒரு சாம்ராஜ்ஜியம் மட்டும் கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை. மலாயாவைப் பிடித்த ஜப்பான், அங்கே கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து, சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனது. 415 கிலோமீட்டர், காட்டிலும் மலையிலும், 1943 அக்டோபருக்குள் முடித்தார்கள். அதைப் போடத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்றுவரை ஒரே எண்ணிக்கை இல்லை. எச்.எம்.எஸ். மலாயாவுக்குக் காசு சேர்த்த ரப்பர்த் தோட்டங்களும் அவைதான்.

போர் தள்ளிப்போயிருந்தால் சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் விழுந்திருக்காது. நெதர்லாந்தும் பிரான்ஸும் ஐரோப்பாவில் விழாமல் இருந்திருந்தால் ஜப்பான் தெற்கே அத்தனை துணிச்சலாக இறங்கியிருக்காது என்பது பல வரலாற்றாசிரியர்கள் ஒத்துக்கொள்ளும் விஷயம். அப்போது அந்த ரயிலும் இல்லை, அந்தச் சாவுகளும் இல்லை. நாலு வருடத் தாமதத்தின் உண்மையான எடை இங்கேதான் விழுகிறது. லயனின் ஒன்பது பீரங்கியில் இல்லை.

இப்போது

சுதந்திரத்துக்குப் பிறகு சேலம் - தருமபுரி - ஓசூர் - பெங்களூரு மீட்டர்கேஜ் பாதை வந்தது, பின்னர் அகலப்பாதையானது. தருமபுரிக்கும் ஓசூருக்கும் ரயில் திரும்பிவிட்டது. கிருஷ்ணகிரிக்குத் திரும்பவில்லை. 2004-ல் தனி மாவட்டம் ஆன பிறகும் இல்லை. ஜோலார்பேட்டை - கிருஷ்ணகிரி - ஓசூர் பாதைக்கு சர்வே மேல் சர்வே நடந்திருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சியும் வாக்குறுதி தருகிறது. பழைய மொரப்பூர் - தருமபுரி இணைப்பை அகலப்பாதையாக மறுபடி போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1906-ல் ரயில் ஓடிய அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே 36 கிலோமீட்டர். நிலம் எடுக்கும் வேலையே வருடக்கணக்கில் இழுத்தது.

இதற்கிடையில் மாவட்டம் மாறிவிட்டது. சாமல்பட்டிக்கு மேற்கே போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. ஓசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் போன் பாகங்கள் செய்கிறது. வேலைக்கு வரும் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் நெடுஞ்சாலையில் நெருங்கியடித்துக்கொண்டு போகிறார்கள். தீபாவளிக்கு ஊர் போக வேண்டுமென்றால் கிருஷ்ணகிரிக்காரர் முதலில் பஸ் ஏறித் திருப்பத்தூரோ ஜோலார்பேட்டையோ ஓசூரோ போய், அங்கிருந்துதான் ரயில்.

ரயில்வேயின் பதில் எப்போதும் ஒரே வார்த்தையில் வருகிறது: போதிய வருமானம் வராது. 1905-ல் பாதை போட்டவர்கள் வருமானத்தை நம்பிப் போடவில்லை. பஞ்சம் வந்தால் சோறு போக வழி வேண்டும் என்று போட்டார்கள். அந்நிய அரசு செய்த அந்தக் கணக்கை, ஆயிரக்கணக்கான கோடி முதலீட்டைக் கூவி அழைக்கும் மாவட்டத்துக்கு இன்றைய அரசு செய்ய மறுப்பதுதான் புரியவில்லை. அடுத்த சர்வே அறிக்கை வரும்போது வருமானப் பக்கத்தில் எந்தெந்த ஆலையின் சரக்கைச் சேர்த்தார்கள், கோலார் பாதையின் அனுபவத்தைப் பார்த்தார்களா என்று மாவட்ட மக்கள் பிரதிநிதிகள் ரயில்வேயிடம் எழுத்தில் கேட்கலாம். போச்சம்பள்ளியும் ஓசூரும் அந்தக் கணக்கில் இல்லாவிட்டால், அந்த அறிக்கை 1930-களின் மாவட்டத்துக்கு எழுதப்பட்டது.